கிளிப் கழன்ற பிறகும் ஓடிய அலைகள்

லிஃப்டை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் அவரை எல்லோரும் அளவுகாரர் என்றே அழைத்தார்கள். அவர் எதையும் ஊகிக்க மாட்டார், அளப்பார். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டரைத் தேடுகிற ரகம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது மட்டும் எந்தக் கருவியையும் எடுத்துப் போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக், நல்ல பையனாகத் தெரிகிறான் என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவர் ஊகித்தது அது ஒன்றைத்தான். பிற்பாடு அதையும் அளந்து பொய்யாக்கினார்.

அளந்தது ஒரு லாஜிக் அனலைசரை வைத்து. போர்டில் ஓடும் சிக்னல்களைக் கிளிப்புகள் வழியாகப் பிடித்து, தன் மெமரியில் பதிந்து, திரையில் பச்சை அலைகளாகக் காட்டும் பெட்டி அது. வயது இருபத்தைந்து. பட்டறையில் அதற்கு மாமனார் என்று பெயர். இடத்தை அடைத்துக்கொள்ளும், எழுந்திருக்க அரைமணி ஆகும், அது சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் அலுவலகக் கட்டடத்தின் நாலாவது மாடியில், கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் மேலே கிளம்பியது. ஒரு காலை உள்ளே வைத்திருந்த பெண் பிழைக்கவில்லை. அன்று காலையில் அந்த லிஃப்டைச் சர்வீஸ் செய்துவிட்டுப் போனவர் அளவுகாரரின் தங்கை கணவர்.

நடந்தது இரண்டில் ஒன்றாக இருக்கவேண்டும். கதவு மூடவில்லை என்ற சிக்னலை போர்டு கோட்டை விட்டிருக்கலாம். அல்லது, சோதனையின்போது கதவு மூடியிருப்பதாகக் காட்டுவதற்காகக் கதவுப் பூட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, மெக்கானிக் அதைக் கழற்ற மறந்திருக்கலாம். கம்பி இருந்ததா என்று பார்க்க வழியில்லை. மீட்க வந்தவர்கள் வயர்களைக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஆகவே போர்டு பட்டறைக்கு வந்தது.

“உங்க மாப்பிள்ளை விஷயம். வேற ஆளைப் பார்க்கச் சொல்லட்டுமா?” என்றார் முதலாளி.

“மாமனாரோட பேச வேற யாருக்குத் தெரியும்?”

அளவுகாரர் ஒரு முறையையும் மீறவில்லை. மாமனாரை அரைமணி நேரம் சூடேற்றினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதலில் கோளாறில்லாத போர்டு ஒன்றை மாட்டி அலைகளைப் பிடித்தார். பிறகு விபத்து போர்டு. இரண்டு படங்களுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அதில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வந்ததோ பெருமை. போர்டில் குறையில்லை என்று கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் உரிமம் பறிபோனது; பதினான்கு மாதச் சிறை. சொந்தக்காரன் என்றும் பார்க்காத மனுஷன் என்று பட்டறை அவரைப் புகழ்ந்தது. தங்கை அவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

போன மாதம் ஒரு சாதாரண போர்டு வந்தது. பட்டறையில் ஈயம் பற்றவைக்கும் அக்கா அதிலிருந்த பழைய ஐசி சிப்பைக் கழற்றிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தார்.

“சார், ஐசியையே எடுத்துட்டேன். இன்னும் அலை ஓடுதே?”

“கிளிப் சரியா பிடிச்சிருக்கா பாருங்க.”

“எங்க பிடிக்கிறது? மேஜைக்குக் கீழ தொங்குது. மாமனார் இப்ப காத்தையே படிக்கிறாரு சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். அளவுகாரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கிளிப்புகளை மாற்றினார். எர்த் வயரை மாற்றினார். எத்தனை வோல்ட்டுக்கு மேல் ஒன்று, கீழ் பூஜ்யம் என்ற அமைப்பைத் திருத்திப் பார்த்தார். அலை அசையவில்லை. பெட்டியின் மூடியைக் கழற்றி மேஜை விசிறியை உள்ளே திருப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் திரை காலியானது. தொங்குகிற கிளிப்புக்கு அதுதான் நியாயமான பதில். விசிறியை நிறுத்தினார், சூடு ஏறியது, அதன்பின் எதை மாட்டினாலும் கடைசியாகப் பதிந்த படமே வந்தது. உள்ளே மெமரி கார்டின் தொடர்பு முனைகள் கறுத்திருந்தன. சூட்டில் தொடர்பு விட்டுப்போய், பெட்டி புதிதாக எதையும் பதியாமல் பழையதையே புதியதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

குளிர்ந்த மாமனார் உண்மை பேசுவார். அவர் பொய் பேசத் தேவைப்பட்டது அளவுகாரரின் அரைமணி நேர நிதானம். அந்தப் பொய் சாட்சியாகத் தேவைப்பட்டது, நல்ல போர்டை முதலில் மாட்டும் அவருடைய ஒழுங்கு. அதைப் பதிந்த கையோடு சூட்டில் பதிவு நின்றிருந்தால், விபத்து போர்டுக்கும் நல்ல போர்டின் படமே வந்திருக்கும். அவசரக்காரன் ஒருவன் அளந்திருந்தால் சரியாக அளந்திருப்பான்.

ஆனால் இந்தக் கோளாறு அன்றைக்கே இருந்ததா, பிறகு வந்ததா என்று தெரியவில்லை. மறுபடி அளக்கலாம் என்றால் விபத்து போர்டு எப்போதோ உடைசலுக்குப் போய்விட்டது.

“இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?” என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை அளவுகாரர் தங்கை வீட்டுக்குப் போனார். கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை கதவைத் திறந்தார். தங்கை உள்ளறை வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப இவர் தப்பு பண்ணலைன்னு எழுதிக் குடு.”

“அதை எழுத முடியாதும்மா. நான் அளந்தது செல்லாதுன்னுதான் எழுத முடியும். என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.”

“அன்னைக்கும்தான் தெரியாது. அன்னைக்கு மட்டும் கை சரசரன்னு ஓடிச்சே அண்ணா.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மச்சான், முதல்ல எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. கம்பியைக் கழட்டி சட்டைப் பையில போட்டேன். நீங்க எழுதினதைப் படிச்சுக் காட்டினாங்க. இவர் பொய் எழுத மாட்டாரே, அப்ப நான்தான் மறந்திருக்கேன்னு நினைச்சேன். உள்ள இருந்த நாள் பூரா அதையே நினைச்சேன். இப்ப கண்ணை மூடினா கம்பி பூட்டுலயே இருக்கு. கழட்டினது வரவே மாட்டேங்குது.”

“மாப்ளே...”

“அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு லெட்டர் போட்டேன். மன்னிச்சுட்டேன்னு பதில் போட்டாங்க மச்சான். அவங்களுக்கு இப்ப என்ன எழுதறது?”

தங்கை குறுக்கிட்டாள். “ஒண்ணும் எழுத வேண்டாம். அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்.”

உரிம அலுவலகத்துக்கான கடிதத்தை அளவுகாரர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். திங்கட்கிழமை காலை அதைக் கொடுத்து முத்திரை வாங்கினார். மதியத்துக்குள் பட்டறையில் அவருடைய வேலை போய்விட்டது. உரிம அலுவலகத்திலிருந்து பதிலாக வந்த தாளில், ஆதாரப் பொருள் இல்லாததால் மறு ஆய்வுக்கு இடமில்லை என்று இருந்தது.

இன்னொரு கடிதத்தை மாப்பிள்ளை தானே எழுதினார், மனைவிக்குச் சொல்லாமல். ‘அம்மா, நீங்கள் கொடுத்த மன்னிப்பை நான் வாங்கியிருக்க வேண்டுமா என்று இப்போது தெரியவில்லை.’ அதற்குப் பதில் வரவில்லை.