திரைக்குள்ளிருந்து பிரெஞ்சு

எங்கள் சாச்சாவுக்கு நான்கு மொழி தெரியும், அதில் மூன்றில் சண்டை பிடிக்க மட்டும்தான் தெரியும் என்று வாப்பா சொல்வார். மிச்சமாக இருந்தது பிரெஞ்சு. வாப்பாவின் தம்பியான அவர், இளந்தாரியாகக் கப்பலேறி ஒரு பிரெஞ்சுக் கப்பலின் குசினியில் வெங்காயம் உரித்து அந்த மொழியைப் படித்தவர். எண்பதுகளின் நடுவில், கல்முனைப் பக்கத்தில் கடவுச்சீட்டுக் கிடைத்த பொடியன்மார் எல்லாரும் பாரிஸ் பாரிஸ் என்று திரிந்தபோது அந்த வெங்காய மொழிக்கு மதிப்பு வந்தது. அவர் மனைவியான சாச்சியின் சீதன வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் வகுப்பு நடக்கும். எங்கள் ஊர்ப் பொடியன்மாரும் பாண்டிருப்பு, காரைதீவுப் பொடியன்மாரும் ஒரே வாங்கில் இருந்து மூக்கால் கதைத்துப் பழகுவார்கள். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் சாச்சா தன் குரலைக் கூட்டுவார், அவ்வளவுதான்.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அடுப்பெரிந்தது வகுப்புக் காசில். நான் பக்கத்து வீட்டில், எட்டு வயதில் இருந்தேன். கரும்பலகை துடைப்பது என் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும்.

அந்த வருஷ மாரிக்கு முன்னமே சாச்சாவை இருமல் பிடித்தது. வாய் துடைத்த லேஞ்சியில் இரத்தம் கண்டது. மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போய்வந்தவர், கொழும்பில் வைத்தியம் செய்ய வேண்டியிருக்கும், தான் இல்லாதபோது சாச்சிதான் வகுப்பெடுப்பாள் என்றார். சாச்சிக்குப் பிரெஞ்சு புதிதல்ல. கல்யாணம் முடித்த நாளிலிருந்தே அவளுக்கு அந்த மொழியைப் பழக்கியிருந்தார். அயலுக்குக் கேட்கக் கூடாதென்று இருவரும் பிரெஞ்சில்தான் ஏசிக்கொள்வார்கள்.

"வகுப்பு நிண்டா பொடியன்மார் வேற இடம் தேடிருவானுகள்," என்றார் சாச்சா, வாப்பாவிடம். "மறுகா அவள் ஊரார் தருமமாத் தாற சதக்கா அரிசியில கிடக்கணும். அது எனக்கு ஏலா."

பாடங்களுக்கான ஆயத்தம் தொடங்கியது. எதை முதலில் சொல்வது, எதைப் பிந்திச் சொல்வது என்று சாய்கதிரையில் கிடந்தபடி சாச்சியோடு முடிவு செய்வார். மொழி மட்டும் போதாது, வெள்ளைக்காரனின் பழக்கவழக்கமும் தெரியவேண்டும் என்பது அவர் கொள்கை. சாப்பாட்டு மேசையில் வைனை மரியாதையாக மறுப்பது ஒரு பாடம். பாணைக் கையால் பிய்ப்பது ஒரு பாடம். கன்னத்தோடு கன்னம் வைத்து வணங்கும் வழக்கம் வந்தபோது சாச்சி காதைப் பொத்தினாள். "அத அவனுகள் தங்களுக்குள்ள பழகட்டும். நீ வாயால சொன்னாப் போதும்," என்று சிரித்தார். சிரித்த கையோடு நெடுநேரம் இருமினார்.

ஒருநாள் விறாந்தை வாசலுக்குக் குறுக்கே சாச்சியின் பழைய சேலையொன்றைக் கட்டினார். சாச்சி அதற்குள்ளே இருந்து படிப்பிக்க வேண்டும், அவள் சொல்வதை நான் வெளியே பலகையில் எழுத வேண்டும். சாச்சி ஒளிந்து வாழ்கிற ஆள் இல்லை. மீன்காரனோடு தெருவில் நின்று பேரம் பேசுவாள், பொடியன்மாருக்குத் தேத்தண்ணி வைப்பவளும் அவள்தான். ஏன் இந்தத் திரை என்று கேட்டேன்.

"ஆளக் காணாமக் கேட்டாத்தான் காது கூராகும் மகள்," என்றார். நான் நம்பினேன். கூத்துப் பழகுவது போல இருந்தது, வெண்கட்டியும் என் கைக்கு வந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரன் சுகம் விசாரிக்காமல் கதை தொடங்கமாட்டானாம். ஆகவே ஒவ்வொரு நாளும் பாடம் தொடங்குமுன் ஒவ்வொரு பொடியனும் எழும்பி வாத்தியாரிடம் சுகம் கேட்க வேண்டும், ஒவ்வொருவனுக்கும் அவள் மறுமொழி சொல்ல வேண்டும் என்று விதித்தார். பொடியனின் இடத்தில் தானே நின்று கேட்டார்.

"கொமான் தலே வூ, மதாம்?"

சுகமாக இருக்கிறீர்களா என்று அர்த்தம். உள்ளிருந்து சாச்சி, சுகம், நன்றி என்றாள். "ஜு வே பியான், மெர்சி." சாச்சா திரும்பவும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது சேலை அறுந்து விழுந்தது. சாச்சி அதைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உசிரோட இரிக்கிற மனிசன் வெளியால நிண்டு கேக்க, நான் இப்பவே இதுக்குள்ள இரிந்து நல்லா இரிக்கன் எண்டு சொல்லணுமா?"

பிரெஞ்சு அவளுக்குக் கஷ்டமாக்கும் என்று நான் பரிதாபப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் சாச்சி முகத்தைத் துடைத்துவிட்டுக் கதிரையில் ஏறி, அந்தச் சேலையைத் தானே திரும்பக் கட்டினாள்.

கொழும்புப் பயணம் நடக்கவே இல்லை. மாரி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை விடிய சாச்சா மவுத்தானார். சாச்சி வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். ஏழாம் நாள் கத்தம் ஓதிய மறுவாரம் வகுப்புத் தொடங்கியது. குரலும் வெளியே கேட்கக் கூடாதே என்று ஊரில் இரண்டு பெரியவர்கள் வந்து முறையிட்டார்கள். "அவள்ட அடுப்ப நீங்க எரிப்பீங்களாகா?" என்று வாப்பா கேட்டார். அவர்கள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சேலைத் திரைக்கு முன்னால் பொடியன்மார் வழமையை விட நேராக இருந்தார்கள். முதல் இருவர் சுகம் கேட்டார்கள், உள்ளிருந்து மறுமொழி வந்தது. பிறகு ஒரு காரைதீவுப் பொடியன் எழும்பினான். அந்த வீட்டில் நிறையச் சோறு தின்றவன். அவன் குரல் கரகரத்தது.

"கொமான் தலே வூ, மதாம்?"

மறுமொழி இல்லை. பொடியன் இருக்கவும் தெரியாமல் நின்றான். சாச்சிக்கு விடை மறந்துவிட்டது, சாச்சா பாடுபட்டுப் பழக்கியது வீணாகிறதே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. திரைப் பக்கம் திரும்பி உரத்துச் சொன்னேன்.

"ஜு வே பியான், மெர்சி."

ஒருவரும் சிரிக்கவில்லை. நேரம் கழித்து, நான் எடுத்துக்கொடுத்ததை சாச்சி அப்படியே திருப்பிச் சொன்னாள். அடுத்தவன் எழும்பினான். நான் வகுப்பைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன்.