தாரை வார்க்கும் நேரம்

வயிற்றில் மலம் சேரும் பை தொங்கிய மாதங்களில், இதை எடுத்துவிட்டால் போதும், மறுபடி மனிதனாகிவிடுவேன் என்றிருந்தேன். மலக்குடல் புற்றுக்கு அறுத்தவர்கள் பையை எடுத்து, பழைய வழியையே திறந்துவிட்டார்கள். அதன்பிறகுதான் அவமானம் என்றால் என்னவென்று தெரிந்தது. வருவது காற்றா மலமா என்று என் உடம்புக்கே தெரியவில்லை. மைசூரில் எந்தக் கடைக்காரர் கழிப்பறையைத் திறந்துவிடுவார் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், ஆசனவாயை இறுக்கிப் பிடித்து மெல்ல விடச் சொன்னாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சவரம் செய்யும்போதும் இறுக்கினேன். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், காலி வயிறுதான் அதிகம் படுத்தும் என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாரை வார்க்க நான் மணையில் உட்கார வேண்டும். அண்ணன், "நீ சும்மா இருடா. நானும் உங்க அண்ணியும் உக்காந்துக்கறோம். மேடையில ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவன் நான் இருக்க, தண்ணீர் ஊற்ற இன்னொரு கையா?

எங்கள் வழக்கத்தில் தாரை வார்ப்பவர் அது முடியும்வரை சாப்பிடக் கூடாது. எனக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. உள்ளே போகாவிட்டால் வெளியே என்ன வரும்? முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதெல்லாம் சாமி காரியத்துக்குப் பொருந்தாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. மகளின் கை மாப்பிள்ளை கைமேல் இருந்தது. சொம்பை எடுக்கக் குனிந்தேன். வெறும் வயிறு புரண்டது. இறுக்கினேன். இறுக்க இறுக்க நழுவியது.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "அப்பா, போயிட்டு வாங்க." அய்யரிடம் திரும்பி, "ஸ்வல்ப இரி" என்று பொறுக்கச் சொன்னாள்.

ஊரே பார்க்க ஓடினேன். பாதி வழியிலேயே எல்லாம் ஆகிவிட்டது. கழிப்பறைக்குள் அழுதேன். ஆபரேஷனிலேயே செத்துத் தொலைந்திருக்கலாம். முகூர்த்தம் போகிறதென்று அய்யர் கத்துவது கேட்டது. மனைவி கதவிடுக்கில் வேறு வேட்டி நீட்டினாள். இந்நேரம் அண்ணன் வார்த்து முடித்திருப்பார் என்றுதான் திரும்பி வந்தேன்.

என் மணையில் அண்ணன்தான் இருந்தார், கையை நீட்டியபடி. மகள் சொம்பின் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தாள். என்னைக் கண்டபிறகுதான் கையை எடுத்தாள்.