நடுத்துண்டில் சாப்பிட்டவன்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் உத்திரமேரூரில் பஸ் ஏறி, மேல்தாங்கலில் இறங்கி ராணியம்மாளையே கேட்டுப் பாருங்கள். புருஷன் பேச்சை எடுத்தாலே துடைப்பத்தைத் தூக்குவாள். பொய்க்கு யாராவது இத்தனை வருஷம் அப்படிக் கோபப்படுவார்களா?

மேல்தாங்கலும் கீழ்த்தாங்கலும் அடுத்தடுத்த ஊர்கள். பேருக்குத்தான் ஊர், பவிசெல்லாம் இரண்டு தனி நாடு மாதிரி. ஏரித் தண்ணீருக்கு ஒரு சண்டை, மாடு தாண்டியதற்கு ஒரு சண்டை, வெள்ளைக்காரன் காலத்தில் எல்லைக்கல்லைப் பிடுங்கியதற்கு ஒரு கொலை. பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. கடைசியில் ஊருக்கொரு வரப்பு போட்டுக்கொண்டார்கள். நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குத் துண்டு நிலம் யாருக்கும் இல்லாமல் கிடந்தது.

ஆடியில் கூழ் ஊற்றி முடித்ததும் இரண்டு ஊரும் எல்லை கட்டும். ரத்தம் பிசைந்த சோற்றை இறைத்தபடி ஊரைச் சுற்றி வந்து, கெட்டது அத்தனையையும் தங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் துரத்துவார்கள். இந்த ஊர் அங்கே துரத்தும், அந்த ஊர் இங்கே துரத்தும். துரத்தப்பட்டதெல்லாம் எங்கே போய் நிற்கும்? அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம். எதிர்ப்பக்கத்துக் கீழ்த்தாங்கல் கன்னியப்பன் புதுசாக பம்புசெட் போட்டிருந்தான். அவன் நாற்று கருகருவென்று நின்றதைப் பார்த்து ராணியம்மாளின் புருஷன் வரதனுக்கு வயிறு எரிந்தது. இவன் முந்திக்கொள்வதற்குள் நாம் வளைத்துவிட வேண்டும் என்று ஒரே காலையில் ஊர் வரப்பை வெட்டி, நடுத்துண்டைத் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டான்.

அன்று உச்சி வேளையில் ராணியம்மாள் கூழ் கொண்டுபோனாள். அவன் தொடவில்லை.

"இப்பதான் துன்னேன்."

"யாரு குடுத்தாங்க?"

சிரித்தானே தவிர சொல்லவில்லை. மறுநாளும் அதே பதில், அதே சிரிப்பு. மூன்றாம் நாள் தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டாள். வரதனுக்கு எதிரே ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். கிட்டே போவதற்குள் காணோம்.

ராணியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே எல்லைக்குப் போய், கன்னியப்பன் பெண்டாட்டி பாஞ்சாலியை வாய்க்கு வந்தபடி கேட்டாள். உங்கள் ஊரில் ஆம்பளைக்கா பஞ்சம் என்றாள். பாஞ்சாலி பதிலுக்குக் கத்தவில்லை. நடுத்துண்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ உங்க ஊருக்காரின்னுதான நான் நெனச்சிக்கினு இருந்தேன்…"

மறுநாள் இருவரும் பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். சூரியன் நேர் உச்சிக்கு வந்தது. காற்று நின்றது. தவளைச் சத்தமும் நின்றது.

நடுத்துண்டில் வரதன். எதிரே அவள். முதுகு மட்டும் தெரிந்தது. ஈரத் தலைமயிர். சேற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்து ஊட்டினாள். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான்.

சப்… சப்… சப்…

"மாமா!" என்றாள் ராணியம்மாள்.

வரதன் திரும்பினான். பல்லெல்லாம் சேறு.

அவளும் திரும்பினாள்…

திரும்பிய பக்கமும் முதுகுதான்.

பாஞ்சாலி ஓடிவிட்டாள். ராணியம்மாள் ஓடவில்லை. பயத்தைவிட அவளுக்குப் பொறாமை பெரிதாக இருந்தது. பாய்ந்து போய்ப் புருஷன் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தாள். கை சில்லென்று இருந்தது.

அப்புறம் அவன் வெளியே போகவில்லை. பாயில் படுத்தவன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தான். அவனுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தொடவில்லை. வீடெல்லாம் ஈ மொய்த்தது. கருவாட்டுக்கு என்று நினைத்து சாம்பிராணி போட்டாள். சேறு இனிக்கிறது, என் குழம்பு கசக்கிறதா என்று அழுதாள். பேய் மேல் ஒருத்தி பொறாமைப்படுவாளா? ராணியம்மாள் பட்டாள். ராத்திரியெல்லாம் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்தாள்.

ஆள் வைத்து வரப்பைப் பழையபடி போட்டாள். ஊருக்கு எல்லை கட்டும் பூசாரி மாசியிடம் போய், ஆடி முடிந்தாலும் பரவாயில்லை, அவளைத் துரத்து என்று காலில் விழுந்தாள். மாசி தயங்கினான்.

"ஒருத்திய மட்டும் பொறுக்கித் தொரத்த முடியாதும்மா. ஊருக்கு ஆவாதது எல்லாமே போயிடும்."

"போவட்டும்."

பொழுது சாயும் நேரம். பம்பை மேளம் கேட்டது. சோறு இறைத்துக்கொண்டு மாசி ஊரைச் சுற்றினான்.

வரதன் எழுந்து உட்கார்ந்தான்.

குணமாகிவிட்டது என்று ராணியம்மாளுக்கு சந்தோஷம். அவன் அவளைத் தாண்டி நடந்தான். தெருவைத் தாண்டினான். கூப்பிட்டாள்… நிற்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். உதறினான்.

வரப்பை ஏறிக் கடந்தான்.

நடுத்துண்டில் சாய்ந்தான்.

அவ்வளவுதான்.

அவனை ஏற்றி உத்திரமேரூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். துணியை விலக்கிப் பார்த்த டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ராணியம்மாளைக் கோபமாகப் பார்த்தார்.

"செத்து ஒரு வாரத்துக்கு மேல ஆவுது. இத்தினி நாளா பொணத்த எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

வரதன் ஊர் வரப்பை வெட்டி அன்றோடு எட்டு நாள்.

"பாயில…" என்றாள் ராணியம்மாள். "எம் பக்கத்துல."