நெத்தலிச் சாறு வடியும் ஊரில் நான்கு நாள்

பாரிஸ் லா ஷப்பலில் என்னைக் காண்கிறவர்கள் இந்த ஒரு மாதமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இத்தாலிக்குப் போயிட்டு வந்தனீராம், எப்பிடி இருந்தது?" தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை. அதனால் எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் பாரிஸில் இத்தாலிய உணவகங்களில் சமைக்கிறோம். அவர்களில் பாதிப் பேராவது என்னைப் போல இத்தாலியைக் காணாமலேயே சமைக்கிறவர்களாக இருப்பார்கள்.

நான் பதினொரு வருடமாக அப்படிச் சமைத்தேன். எங்கள் உணவகத்தில் நெத்தலிச் சாறு விட்ட ஸ்பகெட்டி ஒன்று உண்டு. உப்பிலிட்ட நெத்தலியிலிருந்து மாதக்கணக்கில் வடிகிற தெளிந்த சாறு அது. கொலத்தூரா என்பார்கள். எனக்கு அதைப் பழக்கியவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். அவருக்குப் பழக்கியவரும் எங்கள் ஆள்தான். கடந்த மாசி மாதம் ஒரு வாடிக்கையாளர், வயதான இத்தாலியப் பெண், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பினார். "இதைச் செய்தவருக்கு இது என்னவென்று தெரியாது" என்று சொன்னாராம். பரிமாறுகிற பெண் வந்து அதை அப்படியே எனக்குச் சொன்னாள். கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டார் என்று இருந்தது.

அந்தச் சாறு வருகிற ஊரின் பெயர் சேத்தாரா. நேப்பிள்ஸுக்குத் தெற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில் செருகி வைத்தது போன்ற சிறு மீன்பிடி ஊர். என் மனைவி திரான்சியிலுள்ள தன் தமக்கைக்குத் தொலைபேசியில் "இவர் சேத்தாராவுக்குப் போறார்" என்று சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து "ஆர் செத்தது?" என்று பதறிக் கேட்டது எனக்கே கேட்டது. மனைவிக்கு வேலையில் கொஞ்சே, அதுதான் லீவு, கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் படிக்கிற பதினேழு வயது மகள் ஆரணி என்னோடு வந்தாள். ஜூன் 29 அந்த ஊர்க்காரரின் காவல் தெய்வமான புனித பேதுருவின் திருவிழா என்பதால், 27 போய் 30 திரும்புவதாக ஏற்பாடு.

எங்கள் வீடு இருக்கிற லா கூர்னெவ்விலிருந்து ஆர்இஆர் பி ரயில் பிடித்து ஷாத்தலே, அங்கிருந்து பதினாலாம் இலக்க மெத்ரோவில் ஓர்லி விமான நிலையம். விமானம் காலை 7.05க்கு. ஆளுக்குப் போக வர 94 யூரோ, சின்னப் பை மட்டும். இரண்டே கால் மணி நேரத்தில் நேப்பிள்ஸ். விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் பேருந்து 5 யூரோ. சலேர்னோவுக்குச் சாதாரண ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், 5 யூரோவும் சில்லறையும். வேக ரயிலுக்கு இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள், மிச்சமாவது அரை மணி நேரம்தான்.

சலேர்னோவில் ஒரு பிழை விட்டோம். சேத்தாராவுக்குப் போகிற பேருந்தில் சாரதி டிக்கெட் விற்பதில்லை. புகையிலைக் கடையில் முன்னமே வாங்க வேண்டும். ஆரணி கேட்டுப் பார்த்தாள். சாரதி தலையை ஆட்டிவிட்டு எதிரே இருந்த கடையைக் காட்டி, "ஓடு, நான் நிற்கிறேன்" என்றார். அவள் ஓடி வரும்வரை உண்மையிலேயே நின்றார். பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினொரு கிலோமீற்றர், முப்பது நிமிடம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் நேரே கீழே கடல். வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆரணி படம் எடுத்தாள்.

இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தேவாலயத்தின் குவிமாடம். பச்சையும் மஞ்சளுமாக ஓடு பதித்தது, வெயிலில் மீன் செதில் போல மின்னியது. அதற்குக் கீழே ஒரே ஒரு தெரு, தெரு முடிகிற இடத்தில் கடற்கரை. நடந்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். கடற்கரைக் கடையில் பொரித்த நெத்தலி 8 யூரோ. எங்களூரில் கச்சான் கடலை தருகிற சரை போல, ஆனால் பெரிய கடதாசிச் சுருளில் தருகிறார்கள். தலையோடு, முள்ளோடு சாப்பிடலாம். கூடவே அந்த மலைச்சரிவில் காய்க்கிற எலுமிச்சை, தேங்காய்ப் பாதி அளவு. வட்டமாக வெட்டி உப்புத் தூவித் தந்தார்கள். வெள்ளைத் தோல்கூடக் கசக்கவில்லை. இரண்டு பேரும் போட்டி போட்டுத் தின்றோம்.

அன்று மத்தியானம் கார்மேலா என்ற பெண்மணி நடத்துகிற உணவகத்துக்குப் போனோம். அறுபது வயது இருக்கும். மொத்தம் ஒன்பது மேசை. ஸ்பகெட்டி 14 யூரோ, ஊர் வெள்ளை வைன் ஒரு கிளாஸ் 4 யூரோ. தட்டு வந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை. எண்ணெய் மினுக்கம், பச்சையாக நறுக்கிய பார்ஸ்லி, அவ்வளவுதான். ஒரு வாய் வைத்தேன். முதலில் கடல் வந்தது, பிறகு வெள்ளுள்ளி, பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஒரு இனிப்பு. நான் பதினொரு வருடமாகச் செய்தது இதன் கரிந்த நிழல் என்று அந்த ஒரு வாயிலேயே விளங்கியது. முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, சா வா? ஏன் சாப்பிடேல்லை?" சுகமா என்று பிரெஞ்சிலும் மிச்சத்தைத் தமிழிலும் கேட்டாள் ஆரணி.

"சாப்பிடுறன். பொறு."

கார்மேலா தட்டு எடுக்க வந்தபோது எனக்குக் கேட்க வாய் வரவில்லை. நான் யாரென்று சொன்னால் சிரிப்பார் என்ற வெட்கம். ஆரணி என்னைக் கேட்காமலே இத்தாலியனில் சொல்லிவிட்டாள்: இவர் என் அப்பா, பாரிஸில் இதைத்தான் சமைக்கிறார், பிழையாகச் சமைக்கிறாராம், பார்க்க வந்திருக்கிறார். கார்மேலா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் பத்து மணி. குசீனா" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்களும் அடுப்படியைக் குசினி என்றுதானே சொல்கிறோம்.

மறுநாள் என்னையே சமைக்கச் சொன்னார். தண்ணீர் கொதித்ததும் என் கை தானாக உப்புக்குப் போனது. அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உப்பு சாற்றிலேயே இருக்கிறது, தண்ணீருக்குப் போடவே கூடாது. உள்ளியைத் தாச்சியில் போடப் போனேன், தாச்சியையே எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டார். ஒரு பெரிய கிண்ணம். அதில் பச்சை உள்ளி நசுக்கி, ஒலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், பார்ஸ்லி, ஆளுக்கு ஒரு கரண்டி சாறு. வெந்த ஸ்பகெட்டியைக் கொஞ்சம் அவித்த தண்ணீரோடு அதில் கொட்டிப் பிரட்ட வேண்டும். சாற்றுக்கு நெருப்பே காட்டக் கூடாது. நாங்கள் கைமாறிக் கைமாறிப் பழகியதில் எங்கேயோ ஒருவர் அதை அடுப்பில் ஏற்றியிருக்கிறார், எல்லோரும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். மூன்று தரம் செய்தேன். மூன்றாவதை அவர் நின்றபடியே முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

பின்னேரம் தன் மச்சானின் நிலவறைக்குக் கூட்டிப் போனார். சின்னச் சின்ன மரப் பீப்பாக்கள். உள்ளே ஒரு அடுக்கு நெத்தலி, ஒரு அடுக்கு உப்பு, மேலே கடற்கரைக் கல் பாரம். வசந்தத்தில் பிடித்த மீன், மார்கழி வரைக்கும் அப்படியே கிடக்குமாம். பழைய பீப்பா ஒன்றின் அடியில் துளையிட்டு எடுத்த சாற்றில் ஒரு சொட்டு என் புறங்கையில் விட்டார். தேன் நிறம். நக்கிப் பார்த்தேன். மீனும் உப்பும் காலமும் தவிர அதற்குள் வேறொன்றும் இல்லை.

29ஆம் திகதி காலை பத்தரைக்குக் கார்மேலா எங்கள் அறைக் கதவைத் தட்டினார். அவருடைய உதவிச் சமையற்காரர், திருவிழாவில் பேதுருவின் சுரூபத்தைத் தூக்குகிறவர்களில் ஒருவராம், காலையில் பயிற்சியின்போது தோள் பிசகிவிட்டது. திருவிழா நாள், ஒன்பது மேசையும் பதிவு. "உன் அப்பா ஸ்பகெட்டி போடுவாரா?" என்று ஆரணியைக் கேட்டார்.

ஆரணி என்னைப் பார்த்தாள். "என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லு."

பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை அந்தக் குசினியில் நின்றேன். ஆரணி வாசலில் நின்று ஓடரை இத்தாலியனில் வாங்கி எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். வந்தவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள், பிறந்ததிலிருந்து இதைச் சாப்பிடுகிறவர்கள். முதல் தட்டு போனபோது வாசல் வழியே எட்டிப் பார்த்தேன். நாற்பத்தொரு தட்டு போனது. ஒன்றும் திரும்பி வரவில்லை. முடிந்ததும் கார்மேலா ஒரு எலுமிச்சை மதுவை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "பாரிஸில் இனி யாராவது கேட்டால், என்னிடம் வேலை செய்ததாகச் சொல்" என்றார். அதை மொழிபெயர்க்கும்போது ஆரணியின் குரல் கொஞ்சம் மாறியது. அவள் இதுவரை நான் வேலை செய்து பார்த்ததில்லை. அவள் எழும்பும்போது நான் போயிருப்பேன், படுத்த பிறகு வருவேன்.

பின்னேரம் ஏழு மணிக்குச் சுவாமி வெளியே வந்தார். வெயில் இன்னும் இருந்தது. பாண்ட் வாத்தியம், மேல்மாடிகளிலிருந்து பூ. மீனவர்கள் தோளில் பேதுருவைச் சுமந்து அந்த ஒற்றைத் தெருவால் கடலுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். கரையை அடைந்ததும் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சங்கு ஊதின. மலை அதைத் திருப்பி ஊதியது. லா ஷப்பலில் பிள்ளையார் தேர் வருகிற நாள் போலவே இருந்தது. குனிந்து பார்த்தேன், சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் என் காலைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் விலகி எனக்கு முன்னால் இடம் விட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அறை இரண்டு பேருக்கு ஓர் இரவு 85 யூரோ, திருவிழா நாட்களில் 110. மூன்று மாதம் முன்பே பதியுங்கள். திரும்பும்போது சலேர்னோவுக்குப் படகில் வாருங்கள், ஏறக்குறைய இருபது நிமிடம், ஆளுக்கு 6 யூரோ. ஊரைக் கடலிலிருந்து பார்க்காமல் வரக்கூடாது. நெத்தலிச் சாறு நூறு மில்லி போத்தல் 18 யூரோ, விமானத்தில் கைப்பைக்குள் அந்த அளவு வரைதான் விடுவார்கள். எங்கள் உணவகத்தில் நான் செய்முறையை மாற்றிவிட்டேன். முதல் வாரம் பத்ரோன், எங்கள் முதலாளி, முகம் சுளித்தார். இப்போது அவரே மத்தியானத்துக்கு அதைத்தான் கேட்கிறார்.

இன்னொன்று. பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஆரணி வராவிட்டால் நான் நாலு நாளும் நல்ல சாப்பாடு சாப்பிட்டு, வைன் குடித்து, வாய் திறவாமல் திரும்பி வந்திருப்பேன்.