மாமான்னு கூப்பிட்டா சொந்தமாயிடுமா?

தொண்டு நிறுவனங்களுக்குத் தொண்டு பண்றதுன்னு ஒரு தொழில் இருக்கு. அது என்ன தொழில்னு எனக்குப் பொண்ணு குடுத்தவருக்கே இன்னிக்கு வரைக்கும் புரியல.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. ஊருக்கு நல்லது பண்றேன்னு கிளம்பி, பைலா, ஆடிட், பொதுக்குழுன்னு மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்கதான் நீங்களும். உங்களை மாதிரி அமைப்புங்க தமிழ்நாடு பூரா சேர்ந்து நடத்துற கூட்டமைப்புல தஞ்சாவூர்ப் பக்கம் நான் பார்த்துக்கறேன். பதிவு பண்ண வழி சொல்றது, நிர்வாகிங்களுக்குப் பயிற்சி குடுக்கறது, உதவி பண்றவங்க முன்னாடி தைரியமா உட்கார வைக்கிறது, ஒருத்தரா கேட்டா காதுல விழாததை எல்லாரும் சேர்ந்து கேட்டு விழ வைக்கிறது. இவ்வளவுதான். சொல்லும்போது சுலபமாத்தான் இருக்கு.

அடியுரம்

எங்க ஆபீஸ் போர்டுல 'சங்கங்களின் கூட்டமைப்பு'ன்னு எழுதியிருக்கும். டெல்டாவுல சங்கம்னா விவசாயக் கடன் சங்கம்தான், மத்ததெல்லாம் அப்பறம். ஒரு நாள் பயிற்சி வகுப்புக்கு நடுவுல, திருவையாத்துப் பக்கத்து விவசாயி ஒருத்தரு துண்டை உதறிப் போட்டுக்கிட்டு முன் வரிசையில வந்து உட்கார்ந்தாரு. நான் பாட்டுக்கு, "அடிப்படையை மொதல்ல பலப்படுத்தணும், அப்பத்தான் மேல வளரும்"னு பேசிக்கிட்டு இருக்கேன். மனுஷன் தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கறாரு. இப்படி ஒரு மாணவன் எனக்குக் கெடச்சதே இல்ல.

வகுப்பு முடிஞ்சு எல்லாருக்கும் டீ வந்துச்சு. அவரும் குடிச்சாரு. குடிச்சுட்டு, அந்த அடிப்படைக்குப் போட வேண்டிய அடியுரத்தை எப்ப தருவீங்கன்னு கேட்டாரு. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாத்தான் கேட்டாரு.

"உரமும் இல்ல, கடனும் இல்ல. அப்பறம் எதுக்குங்க சங்கம்னு போர்டு மாட்டி ஆளைக் கூப்புடுறீங்க?"

இடுப்பு ஏறிப் போற பள்ளிக்கூடம்

ஒரத்தநாட்டுக்கு அந்தாண்ட ஒரு கிராமத்துல, கை கால் சரியா வராத பிள்ளைங்களுக்கு ஒரு பகல் பள்ளிக்கூடம் இருக்கு. எங்க கூட்டமைப்புல உறுப்பினர். ராஜேந்திரன்னு ஒரு விவசாயி, மகன் சிங்கப்பூர் போனப்பறம் காலியா கெடந்த நெல்லுக் குடோனைச் சுத்தம் பண்ணி, வெள்ளையடிச்சு, அதுல ஆரம்பிச்சாரு. டீச்சருங்க நல்லவங்க. உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கறவரு வாரத்துல ரெண்டு நாள் வர்றாரு. குறை என்னன்னா, பிள்ளைங்க வர்றதுக்கு வழி இல்ல. பஸ்ஸு மெயின் ரோட்டோட சரி.

செல்வின்னு ஒரு அம்மா. பையன் வேலுவுக்குப் பதினோரு வயசு. கால் ரெண்டும் வராது, வாய் மட்டும் நாலு பேருக்குச் சேர்த்து இருக்கு. பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோட, அவனை இடுப்புல வெச்சுக்கிட்டே நடந்து வரும். அதுக்கு முன்னாடி தூக்கிக்கிட்டு வந்த அம்மாங்க சில பேரு நின்னுட்டாங்க. பிள்ளை வளர வளர பள்ளிக்கூடம் தூரமாப் போயிடுது. சென்னையில ஒரு கம்பெனியோட அறக்கட்டளை, நிர்வாகம் ஒழுங்கா இருந்தா வேனும் டிரைவரும் தர்றோம்னு சொன்னாங்க. வண்டி வந்தா வேலுவுக்குப் பள்ளிக்கூடம். வரலேன்னா அடுத்த வருஷம் வீடுதான். இதை நான் செல்விகிட்ட மறைக்காம சொன்னேன்.

"என் இடுப்பும் அதைத்தான் சார் சொல்லுது"ன்னுச்சு அந்தம்மா. இடுப்புல இருந்த வேலு எங்கிட்ட நியாயம் கேட்டான்: "நான் சோத்தைக் குறைச்சுக்கறேன்னுதான் சார் சொல்றேன், அம்மாதான் விட மாட்டேங்குது."

வீட்டம்மா ராஜினாமா

நிர்வாகம் ஒழுங்கா இருக்கான்னு நான் மொதல்ல போய்ப் பார்த்தேன். தலைவர் ராஜேந்திரன். பொருளாளர் அவரு வீட்டம்மா. செயலாளர் வீட்டம்மாவோட தம்பி. களவு எதுவும் இல்ல, வெள்ளந்தியாப் போட்டுக்கிட்டது. நான் பகல்ல ரைஸ் மில்லுல மூட்டைக்கு நடுவுல நின்னு, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்; பைலாங்கற விதிமுறை பாஷையை நமக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியும். "அய்யா, ஒரே வீட்டு ஆளுங்க மூணு பேரு உட்கார்ந்தா, ஒருத்தரு தப்பு பண்ணா இன்னொருத்தரு கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் கூடாதுங்கறது"ன்னேன்.

ராஜேந்திரனுக்கு முகம் சுருங்கிடுச்சு. "என் பொண்டாட்டி என்னைக் கேக்க மாட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"ன்னாரு. உள்ள இருந்து அந்தம்மா பதில் சொன்னாங்க.

"என்னை எடுத்துடுங்க தம்பி. வீட்டுக் கணக்கையே இவருகிட்ட கேட்டு வாங்க முடியல, இதுல ஊர்க் கணக்கு வேற."

சேத்துக் காலோட பொதுக்குழு

தம்பியும் அக்காவோட விலகிட்டாரு. புது நிர்வாகிங்களைத் தேர்ந்தெடுக்கப் பொதுக்குழு கூட்டணும். முறைப்படி நோட்டீஸ் குடுத்தாச்சு, இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கற களம். நாளு குறிக்கும்போது யாரும் ஆத்தை நினைக்கல. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. தண்ணி வந்தா நடவு. நான் போய்ப் பார்க்கறேன், களத்துல நாற்காலி இருக்கு, ஆளு இல்ல. உறுப்பினருங்க எல்லாரும் பக்கத்து வயல்ல குனிஞ்சு நிக்கறாங்க.

கோரம்னு சொல்ற குறைஞ்சபட்ச ஆளு இல்லாம கூட்டம் நடத்தினா செல்லாது, தள்ளி வெச்சா சென்னையில இருந்து பார்க்க வர்றவங்க முந்திடுவாங்க. வரப்புல நின்னு கும்பிட்டுக் கூப்பிட்டேன். முழங்கால் சேறோட களத்துக்கு ஏறி வந்தாங்க, நாத்து முடியைக் கையிலேயே புடிச்சுக்கிட்டு. பொருளாளருக்கு மணிமேகலை பேரைச் சொன்னாங்க. அவங்க அரசாங்க ஆஸ்பத்திரி நர்சு. ராஜேந்திரன் வயல்ல தலைமுறையா வேலை பார்த்த தெருவுல இருந்து மொத மொத உத்தியோகத்துக்குப் போனவங்க. போட்டி இல்ல. "சம்மதம்னா கை தூக்குங்க"ன்னேன். பின்னாடி இருந்து ஒரு அம்மா கேட்டாங்க:

"கையைத் தூக்கிட்டா நாத்தை யாரு சார் புடிக்கிறது, நீங்களா?"

விரல் பத்தாத உறவு

சென்னையில இருந்து வந்தவங்க பேரு நிவேதா. டெல்லியில வளர்ந்த தமிழ்ப் பொண்ணு. தமிழ் நல்லாப் பேசுவாங்க, கண்ணு கூர்மை, கேள்வியும் நேர்மை. பழைய நிர்வாகிங்க பட்டியலைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்காங்க. அவங்க வண்டியை விட்டு இறங்கினதும் மணிமேகலை, "மாமா, மேடம் வந்துட்டாங்க"ன்னு ராஜேந்திரனைக் கூப்பிட்டாங்க. அவரு வீட்டம்மாவை "அத்தை, ஒரு சொம்பு தண்ணி"ன்னாங்க. செல்வி மணிமேகலையை அக்காங்குது. வேலு ராஜேந்திரனைத் தாத்தாங்கறான். சமையல் அம்மா எல்லாருக்கும் சின்னம்மா. ஆட்டோக்காரரு அரிசி மூட்டையை இறக்கி விட்டுட்டு, "மச்சான், வரேன்"னு யாரையோ பார்த்துச் சொல்லிட்டுப் போறாரு.

நிவேதா என்னைத் தனியா வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாங்க. "பேரை மட்டும் மாத்திட்டு அதே குடும்பம்தானே சார் நடத்துது?"ன்னாங்க. ஊரு முறைக்கு அப்படிக் கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். அங்கிள், ஆன்ட்டின்னு கூப்பிட்டிருந்தா சந்தேகமே வந்திருக்காதுன்னும் சொன்னேன். சிரிச்சாங்க, ஆனா அசையல. உறுப்பினருக்காகப் பரிஞ்சு பேசறது என் வேலைன்னு அவங்களுக்குத் தெரியும். தூரத்துல செல்வி, பையனை இடுப்புல மாத்தி வெச்சுக்கிட்டு, எங்க வாயையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

"நான் வந்து ஒரு டீ கூட குடிக்கல சார், அதுக்குள்ள இந்த ஊரு மாமாவை எண்ண விரல் பத்தல."

ஞாயித்துக்கிழமை மூட்டை

சரின்னு டீக்கு உட்கார்ந்தோம். நல்லபடியாப் போய்க்கிட்டு இருக்குன்னு நெனச்ச ராஜேந்திரன் சந்தோஷத்துல வாயைத் தொறந்தாரு. "வண்டி ஞாயித்துக்கிழமை சும்மாதான நிக்கும்? அறுப்பு சமயத்துல நாலு மூட்டையை ஏத்திக்கிட்டுப் போய் கொள்முதல் நிலையத்துல இறக்கிட்டு வந்துடலாம்." நான் குடோன் கூரையைப் பார்த்தேன். செல்வி கண்ணை மூடிக்கிச்சு. போச்சு.

"மாமா, அது நெல்லு ஏத்துற வண்டி இல்ல"ன்னாங்க மணிமேகலை.

"ஞாயித்துக்கிழமைதானம்மா."

"எந்தக் கிழமையும் இல்ல. சீட்டுல நெல்லுச் சுணை ஒட்டுனா திங்கக்கிழமை பிள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். பாதிப் பிள்ளைக்குச் சொறிஞ்சுக்கக் கை வராது. நீங்க ஏத்தினீங்கன்னா டீசலுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இந்த இடம் யாரோடதும்மா?"

"இடம் உங்களுது மாமா. வண்டி உங்களுது இல்ல."

ராஜேந்திரன் டீ டம்ளரைக் கீழ வெச்சுட்டு, "சரி, டிராக்டர்லயே போட்டுக்கறேன்"னாரு.

நிவேதா பேனாவை மூடிட்டு மணிமேகலையைக் கேட்டாங்க, "இவரு உங்களுக்கு என்ன முறை?"

மணிமேகலை குரலை உசத்தல. ஆஸ்பத்திரியில ஊசி போடறப்ப பேசற அதே குரல். "எங்க தாத்தா இவரு தாத்தாவை ஆண்டேன்னு கூப்பிட்டாரு மேடம். எங்கப்பா இவரை ஐயாங்கறாரு, இன்னும் மாத்திக்க முடியல. நான் மாமாங்கறேன். இது வர்றதுக்கு எங்க வீட்டுக்கு மூணு தலைமுறை ஆயிருக்கு. அதைப் போய் சொந்தம்னு சொல்லிக் கழிச்சுடாதீங்க."

நிவேதா ராஜேந்திரனைப் பார்த்தாங்க. அவரு வாசலைப் பார்த்துக்கிட்டு, துண்டால முகத்தைத் தொடைச்சுக்கிட்டு, யாருக்கோ சொல்ற மாதிரி சொன்னாரு:

"மொத தடவ கூப்பிட்டப்ப, வேற யாரையோ கூப்புடுதுன்னு நெனச்சு நான் திரும்பிக்கூடப் பார்க்கல."

ஒரு வரி

நிவேதா சாதகமாத்தான் எழுதினாங்க. ஆனா எல்லா ஊருக்கும் ஒரு மணிமேகலை இருக்க மாட்டாங்க. அதனால எங்க கூட்டமைப்பு அந்த அறக்கட்டளையோட உட்கார்ந்து பேசி, நிர்வாகிங்களைப் பத்தி அவங்க படிவத்துல இருந்த 'உறவினரா?'ங்கற கேள்வியை 'பிறப்பாலோ திருமணத்தாலோ உறவினரா?'ன்னு மாத்த வெச்சுது. பார்க்க ஒரு வரிதான். கோடியக்கரையில உப்பளத்துப் பெண்கள் நடத்துற அமைப்பு ஒண்ணு, இதே மாமன் மச்சான் தகராறுல உதவி கெடைக்காம நின்னு போயிருந்துச்சு. அந்த ஒரு வரியில அவங்களுக்கும் கதவு தொறந்துச்சு. நாம தனித்தனியா இருந்திருந்தா ஆளாளுக்கு வேப்பமரத்தடியில நின்னு விளக்கிக்கிட்டு இருந்திருப்போம். சங்கம் எதுக்குன்னு கேட்டா நான் இப்பல்லாம் இதைத்தான் சொல்றேன். கோடியக்கரை அம்மா ஒருத்தங்க போன்ல சொன்னது:

"நாங்க எங்க கணக்கு எழுதறவரை மச்சான்னு கூப்புடறதை நிறுத்திக்கிறதுன்னு தீர்மானம் போட்டு வெச்சிருந்தோம் சார், நல்ல வேளை, அவருக்கு இன்னும் சொல்லல."

காலி இடுப்பு

அறுப்பு முடியறதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. மொத நாளு செல்வி வீட்டு வாசலுக்கே போய் நின்னுச்சு. பார்க்க மணிமேகலையோட நிவேதாவும் வந்திருந்தாங்க. வேலுவை டிரைவர் தூக்கி ஜன்னல் ஓரமா உட்கார வெச்சு, பெல்ட் போட்டாரு. "அம்மா, நீ வர வேணாம், போய் வேலையைப் பாரு"ன்னு அதிகாரம் பண்ணான் அவன். வண்டி கிளம்பிப் போயிடுச்சு. செல்வி அப்படியே நிக்குது. இத்தனை வருஷம் பையனைப் புடிச்சிருந்த கை, இன்னும் இடுப்புக்கிட்ட வளைஞ்சே இருக்கு. அப்பறம் செல்வியே அதைப் பார்த்துட்டு, கையைக் கீழ விட்டுச்சு. "என்னமோ மாதிரி இருக்குக்கா"ன்னுச்சு மணிமேகலைகிட்ட.

நிவேதாவும் நானும் பின்னாடியே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வேலு அங்க ஏற்கெனவே வண்டியைப் பத்தி எல்லாருக்கும் பாடம் நடத்திக்கிட்டு இருந்தான். நிவேதாவைப் பார்த்ததும், "அத்தை, நாளைக்கும் நீ வருவியா?"ன்னான். அவங்க அவன் பக்கத்துல உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாடும் அங்கயே சாப்பிட்டுட்டு, கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க:

"சார், அடுத்த தடவை இந்த ஊரைப் பார்க்க எங்க ஆபீஸ்ல இருந்து வேற ஆளை அனுப்பச் சொல்றேன், நான் அத்தை ஆயிட்டேன்."

நம்ம தொழில்ல கணக்குக் கேக்கற வரைக்கும் அசலாரா இருக்கணும், காரியம் நடக்கணும்னா சொந்தக்காரரா ஆயிடணும், இந்த ரெண்டையும் ஒரே ஆளு பண்றாருன்னா அவரைப் பொருளாளரா போட்டுட்டு நாம நிம்மதியா டீ குடிக்கலாம்.