தங்கப் பல்லில் சந்தனம்

சூடேறிய கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து சந்தனம் மணக்கும் என்று சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, பதினோரு வயதில் அந்த வாசத்துக்கு நான் வெலவெலத்துப் போய் நின்றிருக்கிறேன்.

இலுப்பூரில் அம்மா ‘டி.டி.பி. கடை’ வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என எல்லா அச்சு வேலையும் ஒரே கம்ப்யூட்டரில்தான். ஒரு பிள்ளையார் படத்தைத் திறப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து அப்பா கொடுத்தனுப்பிய புது ‘ராம்’ எனும் நினைவகப் பட்டை ஆயுத பூஜைக்குச் சரியாக வந்து சேர்ந்தது. மானிட்டருக்கும் மவுசுக்கும் பொட்டு வைத்த அம்மா, கவருக்குள் இருந்த புதுசை மட்டும் விட்டுவிட்டாளே என்று எனக்கு ஆற்றாமை. யாருக்கும் தெரியாமல் அதை உருவி, கீழோரத்தில் வரிசையாக மின்னிய தங்கப் பற்களின்மேல் சந்தனத்தை மெல்லிசாக இழுத்துவிட்டேன். காய்ந்த பிறகு தங்கம் எது, சந்தனம் எது என்றே தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வல்லத்திராக்கோட்டை செல்லையா வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சரசரக்கும் பாலியஸ்டர் சேலையைத் தவிர்த்துப் பருத்தியில் வந்திருந்தாள். வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, வளையலைக் கழற்றி, தாலிச் சங்கிலி தொங்காமல் ஜாக்கெட்டுக்குள் விட்டு, பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டு, “ஒடம்புல உள்ள கரண்டு மொதல்ல இதுல எறங்கட்டும்” என்றாள். பழையதைக் கழற்றிய குழியிலேயே புதியதை ஓரம் பிடித்து வைத்து, கொக்கிகள் ‘டக்’கென்று விழும்வரை அழுத்தினாள். மறுபடி வயரைச் செருகிப் பொத்தானை அமுக்கியதும் பெட்டி விடாமல் கூவியது. திரை இருட்டாகவே கிடந்தது. திரும்ப அணைத்துப் பழையதை மாட்டியபோதும் அதே கூவல்.

செல்லையா எழுந்துவிட்டார். “பொம்பள கை வைக்கிற சாமானா தாயி இது? நான் புதுக்கோட்டைக்கே போயிருக்கணும்.”

அம்மா போர்டையே எரித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். கடையே அந்த ஒற்றைப் பெட்டிதான். சூடேறிய பெட்டிக்குள்ளிருந்து சந்தனம் மணந்தது.

“நான்தாம்மா சந்தனம் வச்சேன். தங்கமா இருக்குற எடத்துல.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று செல்லையாவிடம் சொல்லும் சத்தம்தான் கேட்டது. பிறகு என் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரப்பரை எடுத்துப் பற்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தாள். உலர்ந்த புது பிரஷ்ஷால் குழியிலிருந்த தூளைக் கூட்டினாள். தூள் முழுதும் போனதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். மாட்டினாள். இந்த முறை ஒரே ஒரு குட்டிக் கூவல், திரையில் வெளிச்சம்.

டீ குடித்து வந்த செல்லையா, மகள் பெயர் பெரிய எழுத்தில் பூக்களுக்கு நடுவே சட்டென்று விரிவதைப் பார்த்தார். “பேத்தி காதுகுத்துக்கும் இங்கிட்டுதான் வருவேன்” என்றார். கல்யாணமே இன்னும் ஆகவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் கவர்கள் தொங்குகின்றன. போன மாதம் என் லேப்டாப்பில் ராம் கூட்டக் கேட்டபோது, அது போர்டோடு ஒட்டியே வருகிறது, பிரிக்க வழியில்லை என்று கடைக்காரத் தம்பி கையை விரித்தார். அம்மாவிடம் போனில் சொன்னேன். அறுபத்தெட்டு வயது அவளுக்கு.

“தொறந்து கை வைக்க முடியாதுன்னா, அது எப்படிடி ஒன்னோடது ஆகும்?”