அவளுக்கு நான் நிறுத்திய காப்பி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தூத்துக்குடி துறைமுகத்தில் உப்பு மூடை சுமந்தேன். இன்று என் பெயரில் ஆறு லாரி ஓடுகிறது. காப்பி குடிப்பதிலும் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே ஒரே மூச்சில் குடித்துவிடுவேன். என் மனைவியோ இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டே இருப்பாள்.

"ஏளா, காப்பி ஆத்துதியா, கப்பல் கட்டுதியா?" என்பேன்.

"உங்களுக்கு இருக்கது தொண்டையா, தார் டின்னா?" என்பாள்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே போனில் ஒரு வீடியோ வந்தது. காப்பி குடித்தால் புற்றுநோய் வரும், கிரீன் டீ அதைக் கரைத்துவிடும் என்று ஒருவன் அடித்துப் பேசினான். நம்பிவிட்டேன். அன்றே காப்பித்தூள் டப்பாவை லாரி செட்டுக்குக் கொண்டுபோனேன். துபாயிலிருக்கும் மகளிடம் சொல்லி, இருப்பதிலேயே விலை கூடிய கிரீன் டீயை வரவழைத்தேன். எங்கள் தெருவில் வேறு எவன் வாங்கினான்?

"வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி இருக்கு. ஒரு வாய் காப்பி தாங்களேன்" என்று தினமும் காலையில் கேட்டாள். மூன்று மாதம் நான் தரவில்லை.

கடைசியில் அவளே டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டாள்: "அம்மா, நான் காப்பி குடிக்கலாமா? இவிய விடமாட்டேங்காவ."

"காப்பியால வந்த நோய் இல்ல அண்ணாச்சி இது" என்றார் அவர். "கிரீன் டீயால குணமாகும்னும் யாரும் நிரூபிக்கல. அளவா குடிக்கட்டும். ரொம்பக் கொதிக்கக் குடிக்கிறதுதான் உணவுக்குழாய்க்கு ஆகாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்ட பார்வை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காப்பி வாங்கிக் கொடுத்தேன். நிதானமாக ஆற்றினாள். ஒரு வாய் குடித்தாள், நிறுத்திவிட்டாள். அதற்குள் மருந்தில் நாக்கு செத்துப்போயிருந்தது.

"ருசியே தெரியல. நீங்க குடிங்க. நான் வாசம் பிடிச்சுக்கிடுதேன்."

அந்த வருஷ மழைக்காலத்திலேயே போய்விட்டாள். ஆற்றிக் குடித்தவள் போனாள்; கொதிக்கக் குடித்த நான் எழுபது தாண்டியும் கல்லு மாதிரி இருக்கிறேன். அவள் நாக்கில் ருசி இருந்த மூன்று மாதத்தை நான்தான் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது நானும் ஆற்றித்தான் குடிக்கிறேன். நுரை கட்டும், ஒரு சொட்டு சிந்தாது. இதிலும் என்னை அடிக்க ஆளில்லை. கை ஆற்றிக்கொண்டிருக்கும், காது மட்டும் உள்ளறைப் பக்கமே இருக்கும். "கப்பல் கட்டுதியளா?" என்று அவள் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.